இருவருக்கும் ஒரே மாத்திரை

2021 பிப்ரவரி 3, புதன்
மாத்திரை தொடங்கி இன்றோடு ஐம்பது நாள். காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறேன், அப்படித் தலை சுற்றுகிறது. பழவங்காடியில், கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்தபோது காரணமே இல்லாமல் அழுகை வந்தது. கண்ணில் தூசி என்று முதலாளியிடம் சொன்னேன்.
எச்.ஐ.வி. என்று சொன்ன அன்றுகூட இப்படி அழவில்லை.

பிப்ரவரி 9
மறுபடியும் அதே கனவு. நான் செத்துக் கிடக்கிறேன், தூக்க ஆள் வரவில்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கழக்கூட்டம் பக்கம் டைல்ஸ் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்க்காமலே, "நானும் அதே மாத்திரதானே திங்கேன். எனக்கு ஒண்ணும் செய்யல்லியே. நீ ரொம்ப யோசிக்க, அதான்" என்றார்.
சரிதான். ஒரே நோய், ஒரே மாத்திரை. அவருக்கு ஒன்றுமில்லை என்றால் கோளாறு என்னிடம்தான்.
எனக்கு நோயைத் தந்தவர் நிம்மதியாக இருக்கிறார் — இதை நான் எழுதியிருக்கக் கூடாது.

பிப்ரவரி 14
செத்துப்போனால் நன்றாக இருக்கும்.

பிப்ரவரி 15
நேற்றைய வரியைப் படித்தேன். என் கையெழுத்துதான்.

பிப்ரவரி 16
மாத்திரையை நிறுத்திவிட்டேன். அவருக்குத் தெரியாது.

பிப்ரவரி 24
கனவில்லை. தலைசுற்றல் நின்றுவிட்டது. கடையில் கூட வேலை பார்க்கும் ஷில்பா சொன்ன எதற்கோ சிரித்தேன். அப்படியானால் கோளாறு என்னிடம் இல்லையா, மாத்திரையிலா? ஆனால் மருந்தில்லாமல் எத்தனை நாள் ஓடும்? உள்ளே அது பெருகிக்கொண்டேதானே இருக்கும்? மாத்திரை தின்று சாவதா, தின்னாமல் சாவதா. நான் யாருகிட்ட போய்க் கேக்க?

மார்ச் 2
ஆஸ்பத்திரியில் அடுத்த மாத மாத்திரை வாங்கும் நாள். அவரும் வந்தார். ஆலோசகர் ராகேல் சேச்சி டப்பாவைத் திறந்து எண்ணினார். பதினான்கு மிச்சம்.
"எந்தா பிரேமா இது?"
பையிலிருந்து இந்த நோட்டை எடுத்து, பதினான்காம் தேதியைக் காட்டினேன். சேச்சி எல்லையோரப் பாறசாலைக்காரர், தமிழ் வாசிப்பார். வாசித்துவிட்டு என் கையை விடாமல் டாக்டரிடம் கூட்டிப்போனார்.
டாக்டர் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, அவரைப் பார்த்து, "நிங்களுக்கோ லிங்கராஜ்?" என்றார்.
அவர் சொன்னார்: "எனக்கும் உண்டு டாக்டர். தெனமும் சொப்பனம். வேலைக்குச் சாரத்துல ஏறி நிக்கும்போ தல சுத்தும். இவளுக்கு நான்தானே குடுத்தேன். நானும் அனுபவிக்கணும்னு வாயத் தொறக்காம மிண்டாம இருந்தேன்."
இரண்டரை மாதம் ஒரே பாயில் படுத்திருக்கிறோம்.
டாக்டர் விளக்கினார். ஒரு மாத்திரைக்குள் மூன்று மருந்து. அதில் எஃபாவிரென்ஸ் நோயை அடக்கும். ஆனால் சிலருக்கு மனத்தைக் கலக்கிவிடும். அதற்குப் பதிலாக டொலுடெக்ராவிர் தரலாம், கிருமி சீக்கிரம் குறையும். எடை கூடலாம், சிலருக்குத் தூக்கம் கெடும், காலையில் போட்டுக்கொண்டால் போதும். "பக்ஷே, நீயே நிறுத்தக் கூடாது. இடையில விட்டா கிருமி மருந்துக்குப் பழகிடும்."
நாங்கள் குழந்தைக்குக் காத்திருப்பதைச் சொன்னேன். தொடக்கத்தில் டொலுடெக்ராவிரால் சிசுவின் முதுகெலும்புக்குக் கேடு வருமோ என்று பயந்தார்களாம். மேலும் பல பிரசவங்களைக் கணக்கெடுத்த பிறகு அந்தப் பயம் மிகவும் குறைந்துவிட்டதாம். "பேடிக்கண்டா, பயம் வேண்டாம். ஆலோசிச்சு நீங்க ரெண்டு பேரும் முடிவு சொல்லுங்க."

மார்ச் 3
நடுவில் கோடு போட்டு எழுதிப் பார்த்தேன். பழைய மாத்திரை: குழந்தை விஷயத்தில் பயமில்லை. என்னால் உயிரோடு இருக்க முடியவில்லை. புது மாத்திரை: நான் இருப்பேன். குழந்தைக்கு — கொஞ்சம், ரொம்பக் கொஞ்சம்.
ரொம்பக் கொஞ்சம் என்றால் எவ்வளவு? அது என் பிள்ளையாக இருந்துவிட்டால்?
அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தார். "நீ இருந்தாத்தானே பிள்ள" என்றார்.

மார்ச் 8
ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு இரண்டு பேருக்கும் புது மாத்திரை கொடுத்தார்கள்.

ஏப்ரல் 20
மூன்று கிலோ கூடிவிட்டது. ஜாக்கெட் பிடிக்கிறது. பரவாயில்லை.

2022 ஜூலை 12, செவ்வாய்
ஐந்தாம் மாத ஸ்கேன். முதுகெலும்பைத் தலையிலிருந்து இடுப்புவரை மெதுவாகப் பார்த்தார்கள். "எல்லாம் நன்னாயிட்டுண்டு." வெளியே வந்து மசால் தோசை சாப்பிட்டோம். அவர் இரண்டு தின்றார். கடைக்கு அரை நாள்தான் லீவு சொல்லியிருந்தேன். போகவில்லை.