காலி பெஞ்சுக்கு ஒரு வசனம்

தம்பிக்கு,

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். அம்மாவின் சவப்பெட்டியைக் குழியில் இறக்கிய பிறகுதான் நீ வந்து நின்றதை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆலயத்தில் வேதபாடம் தேர்ந்தெடுத்து வாசிக்கும் பொறுப்பு என்னிடம் வந்ததிலிருந்து, மூன்றாவது பெஞ்சில் உட்காரும் உன்னை மனதில் வைத்தே வசனங்களைத் தேடினேன். நன்றி கெட்டவர்களைப் பற்றிய இடம் வந்தால் என் குரல் தானாக உயரும். இப்போது நீ வருவதே இல்லை.

நேற்று மாலை, காணிக்கை செலுத்துவதற்கு முன் சகோதரனோடு மனத்தாங்கல் தீர்த்து ஒப்புரவாகும்படி சொல்லும் பகுதியைச் சத்தமாக வாசித்துப் பழகிக்கொண்டிருந்தேன். உன் அண்ணி சமையலறையிலிருந்து கேட்டாள்:

"அவருதான் வர்றதே இல்லையே, இது யாருக்காம்? காலி பெஞ்சுக்கா?"

"உன் வேலையப் பாரு" என்றேன். அதன் பிறகு ஒரு வரிகூட வாசிக்க முடியவில்லை.

ஞாயிறு காலை, ஆலயத்துக்குப் போகும் முன் உன் வீட்டுக்கு வருகிறேன். கதவைத் திற. கோபம் போய்விட்டது என்று நினைத்துவிடாதே. அதையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறேன்.

'உன்னை மன்னித்துவிட்ட அண்ணன்' என்று கீழே எழுதிப் பார்த்தேன். அதிலும் என் பெருமைதான் எட்டிப் பார்த்தது. அடித்துவிட்டேன். யார் எழுதியது என்று உனக்குத் தெரியும். பெயர் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.