மூன்று மஞ்சள் சேவல்கள்

ஜூலை 19, ஞாயிறு

அம்மனுக்கு நேர்ந்துவிட்ட சேவலை அடுத்த வாரம்தான் அறுக்க வேண்டும். என்ன அவசரமோ, என் வீட்டுக்காரர் இன்று காலையே அதற்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றி, மற்ற இரண்டோடு கூண்டில் விட்டுவிட்டார். ஒரே அடையில் பொரித்து, இத்தனை நாள் ஒரே கழியில் தூங்கிய வெள்ளைச் சேவல்கள். யாரோ புதியவன் நுழைந்துவிட்டதுபோல இரண்டும் அதன்மேல் பாய்ந்தன. மூன்றின் கொண்டையிலும் ரத்தம். பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு மேலே எட்டி, "ஏனாயித்து?" என்று கன்னடத்தில், என்ன ஆச்சு எனக் கேட்டார்.

"மூணு சேவல் ஒண்ணா இருக்காதுடி. ரெண்டை வித்துடலாம்" என்றார் இவர்.

"நேத்து வரைக்கும் இருந்துச்சே! கலரை மாத்துனது நீங்க!" என்று கத்தினேன்.

கத்திய கையோடு, மிச்சமிருந்த மஞ்சள் தண்ணீரை மற்ற இரண்டின்மேலும் ஊற்றினேன். கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றன. சாயங்காலம் மூன்றும் ஒரே தட்டில் ராகி பொறுக்கின.

இவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதுல அம்மனுக்கு விட்டது எது?"

"தெரியலையே" என்றேன்.

"அப்போ இந்த வருஷம் பொங்கல் மட்டும் வெச்சுடலாமா?" என்று மெதுவாகக் கேட்டார். தலையாட்டினேன்.

எது என்று எனக்குத் தெரியும். இங்கேகூட எழுத மாட்டேன்.