இரண்டாம் சரணத்து மௌனம்

உ

மைசூர்,
14-3-1954

அன்பு மிகுந்த நண்பர் திருநாராயணன் அவர்களுக்கு, மாணிக்கவாசகம் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே நான், கமலம், குழந்தை மாதேவி மூவரும் சௌக்கியம். நாகபுரி வெயில் உங்களை அதிகம் படுத்தாமல் இருக்க வேண்டும் என்று சாமுண்டியை வேண்டிக்கொள்கிறேன். அந்த ஊர்த் தண்ணீர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள். இப்போது எப்படி இருக்கிறது என்று மறக்காமல் எழுதவும்.

நீங்கள் எழுதிய மாசி மாதத்துக் கிராமபோன் பிளேட்டு சயாஜி ராவ் ரோட்டு வேங்கடேசன் கடையில் கிடைத்துவிட்டது. முன்பக்கத்துப் பாட்டுக்காக ஏழெட்டுப் பேர் வாங்கிப் போனார்களாம். பின்பக்கம் என்ன பாட்டு என்று அவருக்கே தெரியவில்லை. மாதாமாதம் வந்து பின்பக்கத்தை மட்டும் போடச் சொல்கிறீர்களே, என்ன சங்கதி என்று கேட்டார். நம் சட்டத்தைச் சொன்னேன். மாதம் ஒரு பாட்டு, அதுவும் யாரும் திருப்பிப் போடாத பின்பக்கத்துப் பாட்டு. அதில் எது அழகு என்று சொல்கிறவர் சொல்லக் கூடாது, கேட்கிறவர் கண்டுபிடித்து எழுத வேண்டும். வேங்கடேசன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஐயங்கார் ஊரைவிட்டு நாகபுரிக்குப் போயும் உமக்குப் பைத்தியம் தெளியவில்லையா என்றார்.

நான் கண்டுபிடித்ததைக் கேளுங்கள். இரண்டாம் சரணத்தில் பாடகர் ஓர் அடி பாடிவிட்டு நிறுத்துகிறார் பாருங்கள், அதுதான். பாட்டு இல்லை, வயலின் இல்லை. மிருதங்கம் மட்டும் அடக்கமாக நடக்கிறது. நாலு ஆவர்த்தனம் முழுசாக மௌனம். மூன்று நிமிஷப் பிளேட்டில் கால் நிமிஷத்தைச் சும்மா விட யாருக்குத் துணிச்சல் வரும்? அந்த மௌனத்துக்குப் பிறகு அவர் மறுபடி எடுக்கிறபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இதைப் பிடித்து எனக்கு எழுதினீர்களே, உங்கள் காதுக்குப் பொன்னால் கடுக்கன் போட வேண்டும்.

வேங்கடேசன் கொடுத்த புது ஊசியும் உயர்ந்த சரக்கு. கீறல் சத்தமே இல்லை. கமலம் மட்டும் கரகரவென்கிறது என்கிறாள். அவள் கூப்பிட்டால் நான் திரும்புவதில்லை என்றும் ஒரு புகார். நாள் முழுக்க ரயில்வே பாய்லர் ஷாப்பில் சம்மட்டிச் சத்தத்தில் நின்றவனுக்கு வீட்டுக்கு வந்தால் கொஞ்ச நேரம் காது அடைத்துக்கொள்ளாதா? போர்மன்கூட, ஸ்டோர்ஸுக்கு மாற்றிக்கொள்கிறாயா மாணிக்கம் என்று கேட்டார். பதினாறு வருஷம் ரிவிட் அடித்தவன் ஸ்டோர்ஸில் உட்கார்ந்து ஆணி எண்ணினால் ஆட்கள் சிரிப்பார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

என் பங்குனிப் பாட்டு: ஒரு கன்னட நாடகப் பிளேட்டின் பின்பக்கம். ஹாஸ்ய நடிகர் ஒருவர் தாலாட்டுப் பாடுகிறார். பிளேட்டைப் பார்சல் ஆபீஸ் சுப்பையா மூலம் ரயில் கார்டு கையில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். உடையாமல் வந்து சேர்ந்தால் உங்கள் அபிப்பிராயம் எழுதவும்.

தங்கள்
ஆ. மாணிக்கவாசகம்


உ

மைசூர்,
16-1-1955

என் மதிப்புக்கும் நன்றிக்கும் உரிய திருநாராயணன் அவர்களுக்கு, மாணிக்கவாசகம் எழுதுவது.

பொங்கல் நன்றாக நடந்தது. மாதேவி பக்கத்து வீடுகளுக்கெல்லாம் எள்ளும் வெல்லமும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கொடுத்ததைவிட அதிகமாக வாங்கிவந்தாள். உங்கள் மார்கழிக் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்க வேண்டும். மூன்று தடவை எழுத உட்கார்ந்து, மூன்று தடவையும் கிழித்தேன். அதில் இரண்டு தடவை உங்கள்மேல் கோபத்தில். எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

மார்கழி முதல் ஞாயிற்றுக்கிழமை சுப்பையா வீட்டுக்கு வந்திருந்தார். பேச்சு பாட்டுப் பக்கம் போயிற்று. எனக்குச் சும்மா இருக்க முடியுமா? என் நண்பர் நாகபுரியிலிருந்து எழுதிய ஒரு பாட்டில் ஒரு மௌனம் இருக்கிறது, அதைக் கேட்டால்தான் சங்கீதம் என்றால் என்னவென்று தெரியும் என்று அளந்துவிட்டு, அந்த மாசிப் பிளேட்டை எடுத்துப் போட்டேன். இரண்டாம் சரணம் வந்தது. இதோ இப்போது பாருங்கள் என்று விரலை உயர்த்திக்கொண்டு நின்றேன். ஒரு பெரிய வித்துவான் மாதிரி கண்ணைக்கூட மூடிக்கொண்டேன்.

மாதேவி கை வேலையை விட்டுவிட்டு ஓடிவந்தாள். அரைத் தமிழும் அரைக் கன்னடமுமாக அவள் சொன்னது இதுதான்: “அப்பா, அந்தக் கொழலு எவ்ளோ சென்னாகிருக்கு. இன்னொரு வாட்டி போடுங்க.”

எந்தக் குழல் நன்றாக இருக்கிறது என்று கேட்டேன். அவள் சிரித்தாள், நான் விளையாடுகிறேன் என்று நினைத்து. நான் சுப்பையாவைப் பார்த்தேன். அவர் காபி டம்ளரைப் பார்த்தார். கமலம் அடுக்களை நிலைப்படியில் நின்றுகொண்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். நண்பரே, அந்த இடத்தில் புல்லாங்குழல் இருக்கிறது. நாலு ஆவர்த்தனமும் குழல்தான். வீட்டில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. விரலை உயர்த்திக்கொண்டு நின்றவனுக்கு மட்டும் கேட்கவில்லை.

சுப்பையா போன பிறகு பாட்டுப் பெட்டியின்மேல் காதை வைத்து அந்த இடத்தை ஆறு தடவை போட்டுப் பார்த்தேன். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்துக் கனத்த நாதம் நன்றாகக் கேட்டது. குழல் வரவில்லை. ஊசிக் கீறல் இல்லை என்று மெச்சினேனே, அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

அப்புறம்தான் உங்கள் ஞாபகம் வந்தது. நான் மௌனம் மௌனம் என்று பக்கம் பக்கமாகப் புகழ்ந்ததற்கு நீங்கள் என்ன பதில் எழுதினீர்கள் என்று தேடி எடுத்தேன். “நீங்கள் சொன்ன இடத்தை மறுபடி போட்டுக் கேட்டேன். அழகான இடம்தான்” என்று இரண்டே வரி. எடுத்த கடிதங்களை எல்லாம் வீசி எறிந்தேன். உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லாமல், நாகபுரியில் உட்கார்ந்து சிரித்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். அந்த எண்ணத்தோடுதான் முதல் இரண்டு கடிதமும் எழுதினேன். அவை உங்கள் கைக்கு வராமல் போனது என் அதிர்ஷ்டம்.

தடுத்தது கமலம். அவளுக்குத் தமிழ் வாசிக்க நன்றாக வரும், பிறந்த ஊர் ராமாபுரத்தில் நாலாவது வரை படித்தவள். நான் கோபத்தில் வீசிய உங்கள் கடிதங்களை எல்லாம் பொறுக்கி, மாதவாரியாகப் பாயில் பரப்பி வைத்து, ஒவ்வொன்றிலும் பாட்டு இருந்த இடத்தை மட்டும் வாசித்தாள். சித்திரையில் எழுதியது, கட்டைக் குரல் நாடகக்காரர் ஒருவர் பாடிய பண்டாரப் பாட்டு. வைகாசியில் வீணை, அதிலும் கீழே மந்தர ஸ்தாயியிலேயே நின்று வாசித்தது. ஆனியில் மிருதங்கம் தனி. ஆடியில் எழுதியதற்குப் பெயர்கூட இல்லை, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் கூட்டமாகப் பாடுவதை யாரோ பிடித்து வைத்த பிளேட்டு, அதைத் தேடி வாங்க வேங்கடேசனுக்கு நாற்பது நாள் ஆயிற்று. இப்படியே மார்கழி வரை ஒன்பது. ஒன்றில்கூடப் பெண் குரல் இல்லை, குழல் இல்லை, வயலின் முன்னால் வரவில்லை. ஒன்பதையும் நான் ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறேன். இந்த வருஷம் உங்கள் ரசனை எவ்வளவு முதிர்ந்துவிட்டது என்று உங்களுக்கே எழுதியிருக்கிறேன் பாருங்கள், அதை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

கமலம் கடிதங்களை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: “ஏனுங்க, அவருக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்குதுங்க. உங்க மனசு நோகக் கூடாதுன்னு, உங்க காதுக்கு எட்டுறதாப் பாத்துப் பொறுக்கி எழுதியிருக்காருங்க.”

நான் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டேன். முகம் கழுவிக்கொண்டு வர வெகு நேரம் ஆயிற்று.

நண்பரே, வேங்கடேசன் கடையில் நுழைந்ததும் குழல் ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்கிற ஆள் நீங்கள். மற்ற எதைப் போட்டாலும் அரை மனசாகக் கேட்டுக்கொண்டு நிற்பீர்கள். அப்படிப்பட்டவர் ஒன்பது மாதம் எனக்காகக் குழலைப் பற்றி ஓர் எழுத்து எழுதவில்லை. உங்களுக்குப் பிடிக்காத மூட்டைக்காரர் பாட்டையும் கட்டைக் குரலையும் ஆபீஸ் விட்ட பிறகு கடை கடையாகக் கேட்டுத் தேடியிருக்கிறீர்கள். என் கூடப்பிறந்தவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்களில் யாரும் எனக்காக இவ்வளவு மெனக்கெட்டதில்லை. காது போனதைச் சொல்லிக்காட்ட ஊரில் ஆள் உண்டு. மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, அதற்குத் தக்கபடி பரிமாறியவர் நீங்கள் ஒருவர்தான். இதற்கு நன்றி என்று எழுதினால் அந்தச் சொல் போதவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். நன்றி.

இன்னொன்றும் உங்களால் நடந்தது. மார்கழி முடிவதற்குள் கமலத்தை அழைத்துக்கொண்டு ரயில்வே டாக்டரிடம் போனேன். அவர் கவை மாதிரி இருந்த சில இரும்புகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் காதருகே பிடித்தார். கனத்த ஒலி கேட்டது, உச்ச ஒலி இல்லை. போனது போனதுதான், திரும்ப வராது என்றார். சம்மட்டியை விட்டு விலகினால் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், விலகாவிட்டால் இரண்டு மூன்று வருஷத்தில் பேச்சும் போகும் என்றார். ஒன்பது பிளேட்டையும் நினைத்துக்கொண்டேன். இவ்வளவு பாக்கி இருக்கிறதே, அதை எதற்காகச் சம்மட்டிக்குக் கொடுக்க வேண்டும்? மறுநாளே போர்மனிடம் போய், ஸ்டோர்ஸ் இடம் இன்னும் காலியாக இருக்கிறதா என்று கேட்டேன். நல்ல மனுஷர், ஒன்றும் கேட்காமல் எழுதிக் கொடுத்தார். நாளை முதல் ஸ்டோர்ஸ். ஆட்கள் சிரிக்கத்தான் சிரிக்கிறார்கள். எனக்கு அது அரைகுறையாகத்தான் கேட்கிறது.

இனி என் தை மாதத்துப் பாட்டு. இந்தத் தடவை சட்டத்தைக் கொஞ்சம் மீறியிருக்கிறேன். நேற்று மாதேவியை வேங்கடேசன் கடைக்கு அழைத்துப் போய், இருக்கிற குழல் பிளேட்டுகளை எல்லாம் எடுக்கச் சொல்லி, ஒவ்வொன்றின் பின்பக்கத்தையும் போடச் சொன்னேன். நான் பெட்டியைப் பார்க்கவில்லை, குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதல் நாலுக்கும் அவள் ஜடையைத் திருகிக்கொண்டு தெருவைப் பார்த்தாள். ஐந்தாவதுக்குக் கை ஜடையிலேயே நின்றுவிட்டது. வாய் லேசாகத் திறந்தது. பிளேட்டு நின்ற பிறகும் அவள் அப்படியே இருந்தாள். அதைத்தான் உங்களுக்கு வாங்கி, பஞ்சு வைத்துக் கட்டி, சுப்பையாவிடம் கொடுத்திருக்கிறேன். நான் கேட்காத பாட்டை உங்களுக்குச் சொல்வது இதுதான் முதல் தடவை. தைரியமாகச் சொல்கிறேன், நன்றாக இருக்கும்.

அதில் குழல் எங்கே என்ன செய்கிறது என்று விரிவாக எழுதுங்கள். இனிமேல் எனக்காகப் பொறுக்க வேண்டாம். உங்களுக்குப் பிடித்ததையே எழுதுங்கள். எனக்கு எட்டாததை மாதேவி கேட்டுச் சொல்வாள். அவள் சொல்லத் தெரியாமல் திணறுகிற இடத்துக்கு உங்கள் கடிதம் இருக்கிறது.

பங்குனியில் வைரமுடி சேவைக்கு எப்படியும் மேல்கோட்டைப் பெருமாள் கோயிலுக்கு வருவீர்கள். போகிற வழியில் மைசூரில் ஒரு பொழுது தங்கிவிட்டுப் போக வேண்டும். மூன்று வருஷமாகக் கடிதத்திலேயே பேசிக்கொண்டிருக்கிறோம். கடிதத்தில் நான் எல்லோரையும்போல இருந்தேன். நேரில் அப்படி இல்லை, அதை நீங்கள் பார்த்துவிடுவீர்களோ என்றுதான் போன வருஷம் நீங்கள் வந்த சமயம் ஊரில் இல்லை என்று சொல்லியனுப்பினேன். வீட்டில்தான் இருந்தேன். அதையும் மன்னிக்க வேண்டும்.

ஆண்டவன் உங்களை நீண்ட ஆயுளோடும், அந்தக் காதுகளை எந்தக் குறையும் இல்லாமலும் வைத்திருக்கட்டும். அவசியம் வாருங்கள். வந்ததும் பக்கத்தில் வேண்டாம், என் எதிரே உட்காருங்கள். கொஞ்சம் உரக்கப் பேசுங்கள்.

என்றும் தங்கள்
ஆ. மாணிக்கவாசகம்