மலை பார்க்கப் போன சித்திரை

இரண்டு நாளாகத் தடிமன். இன்று காலை கொதிதண்ணீரில் யூக்கலிப்டஸ் எண்ணெய் கொஞ்சம் விட்டு, தலையைத் துவாயால் மூடிக்கொண்டு ஆவி பிடித்தேன். மூச்சை உள்ளே இழுத்ததும் வெள்ளவத்தை போய்விட்டது, காலி வீதி பஸ் இரைச்சலும் போய்விட்டது. பட்டிப்பொலைப் பக்கம் ஏறுகிற வீதியில், வான் வண்டியின் யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, "நல்லா இழுத்து மணந்து பாருங்கோ. இது மருந்துக்கடை மணமில்லை, மரத்தின்ர மணம்" என்று பிள்ளைகளுக்குச் சொன்ன நீங்கள் வந்து நின்றீர்கள். தண்ணீர் ஆறிய பிறகும் துவாயை எடுக்க மனம் வரவில்லை.

உங்களுடைய இரண்டாவது திவசமும் முடிந்துவிட்டது. இவ்வளவு நாளும் உங்களுக்கு ஒரு வரி எழுதவில்லை. ஆனால் நாங்கள் இரண்டு பேரும் கதைத்துத் தீர்க்காத விஷயம் ஒன்று இருக்கிறது. அது அந்த மலைப் பயணத்தில் தொடங்கியது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து மகளைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வந்தோம். மகன் கொழும்பில் பிறந்தவன். கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில், மூன்றாம் மாடியில், இரண்டு அறை. பிள்ளைகளுக்கு உலகம் என்றால் அந்த மாடி, பாடசாலை வான், வெள்ளிக்கிழமைக் கோயில். நிலைமை கொஞ்சம் சுமாராக இருந்தால் ஞாயிறு பின்னேரம் தண்டவாளத்தைத் தாண்டிக் கடற்கரை. எங்கேயாவது குண்டு வெடித்தால் அதுவும் இல்லை. படியில் ஆமிச் சப்பாத்துச் சத்தம் கேட்டால், யாரும் சொல்லாமலே இரண்டும் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து இருந்துவிடும்.

நீங்கள் கொள்ளுப்பிட்டியில் ஒரு கட்டட நிறுவனத்தில் வரைபடம் வரைகிற வேலை. மெல்லக் கதைக்கிற மனிசன். ஊரிலும் அப்படித்தானா, கொழும்பு அப்படி ஆக்கியதா என்று எனக்குத் தெரியாது. எங்கள் கலியாணத்துக்குப் பிறகு ஊரில் நாங்கள் இருந்த காலம் கொஞ்சம். பஸ்ஸில் ஏறினால் நாங்கள் ஊமைக் குடும்பம். ஏதும் சொல்ல வேண்டுமென்றால் என் காதுக்குக் கிட்டக் குனிந்து, "இஞ்சேரும், அடுத்த ஹோல்ட்" என்பீர்கள்.

பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியவள் நான். வெளியில் போனால், நாங்கள் தமிழர் என்று தெரியாமல் இருக்க, உங்களை "தாத்தா" என்று கூப்பிட வேண்டும். சிங்களப் பிள்ளைகள் தகப்பனை அப்படித்தான் கூப்பிடும். அம்மா இரண்டு பாஷையிலும் அம்மாதான்; அதனால் எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை. மாற வேண்டியிருந்தது நீங்கள் ஒரு ஆள்தான். பிள்ளைகள் அதை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டன. கீழே கேற்றைத் தாண்டினால் நீங்கள் தாத்தா, திரும்பி வந்து கேற்றுக்குள் கால் வைத்தால் அப்பா. நீங்களும் சிரித்துக்கொண்டு போனீர்கள். அந்த ஏற்பாட்டை ஒரு நாளும் நீங்கள் குறை சொன்னதில்லை, அந்தச் சித்திரை வரைக்கும்.

மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தாள். மலைப் படம் ஒன்று கீறிக்கொண்டு வரச் சொல்லி ரீச்சர் சொல்லியிருந்தா. நீங்கள் கந்தோரால் வந்து பார்க்கும்போது பிள்ளை மண்ணிறப் பெஸ்ரல் கட்டியால் மூட்டை மூட்டையாக, ஒன்றின் மேல் ஒன்று அடுக்கிக் கீறியிருந்தாள், உச்சியில் ஒரு கொடி.

"இதென்ன பிள்ளை?"

"மலையப்பா. சந்தியில இருக்கே, அது மாதிரி. ஆனா பெரிசு."

சந்தியில் இருந்தது சோதனைச் சாவடியின் மண்மூட்டை. தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்துக்கொண்டு அந்தக் கடதாசியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு குசினிக்கு வந்து சொன்னீர்கள்:

"சித்திரை லீவுக்கு நுவரெலியா போவம். ஓட்டன் சமவெளிக்கும்."

"உங்களுக்கென்ன விசரே? இந்த நேரத்தில, ரெண்டு சின்னனுகளையும் கொண்டு? அடையாள அட்டையில யாழ்ப்பாணம் எண்டு கிடக்கு. கோட்டை ஸ்ரேசனிலேயே இறக்கிப் போடுவாங்கள்."

"இறக்கினா வீட்டை வருவம். பயப்பிடாதையும். சனம் போய்த்தானே வருது."

"போற சனம் வேற."

"அதுதான் சொல்லுறன்," என்றீர்கள். "எங்கட பிள்ளையள் வேற சனமா வளரக் கூடாது."

அதற்கு மேல் நான் வாதாடவில்லை. நீங்கள் அபூர்வமாகத்தான் பிடிவாதம் பிடிப்பீர்கள். பிடித்தால் அசைக்க ஏலாது.

உங்களோடு வேலை செய்த சிங்கள நண்பர் ஒருவர் தன் உறவினர் வீட்டில் ஒரு அறை ஒழுங்கு செய்து தந்தார். ஏதாவது பிரச்சினை என்றால் எடுக்கச் சொல்லித் தன் தொலைபேசி இலக்கத்தையும் தந்தார். ரெயினில் ஏறியதிலிருந்து நான் பிள்ளைகளின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கண்டி தாண்டித் தேயிலை வரத் தொடங்கியதும் மகன் கத்தப் போனான். பிறகு தானாகவே கையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணால் உங்களுக்குக் காட்டினான். நீங்கள் அவனுடைய கையை மெல்ல எடுத்துவிட்டு, உங்கள் கைக்குள் வைத்துக்கொண்டீர்கள்.

அடுத்த நாள் விடியற்காலை வான் பிடித்தோம். சாரதி தேயிலைத் தோட்டத்துத் தமிழர், உங்களை விட இளமை. "குளிருங்கம்மா, புள்ளைங்க காத மூடுங்க" என்று தன் சால்வையையே தந்தார். பூங்கா வாசலில் எங்களைப் போல இன்னும் சில குடும்பங்கள் வந்திருந்தன, எல்லாம் சிங்களக் குடும்பங்கள். கம்பளிச் சட்டையும் தொப்பியுமாகப் பிள்ளைகள் ஓடித் திரிந்தன. புல்வெளி எவ்வளவு தூரம் போகிறதென்று தெரியாத புல்வெளி. எங்கள் பிள்ளைகள் முதலில் ஓடவில்லை. என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றன. அவ்வளவு இடத்தை வைத்து என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை.

பிறகு தெரிந்துவிட்டது. உலக முடிவு என்கிற அந்தப் பள்ளத்தாக்கைப் பார்க்க எல்லோரும் நடந்தோம். பாதி வழியில் புல்லுக்குள் ஒரு மரை மான் நின்றது, மாட்டைப் போலப் பெரிசு. மகன் அதற்குக் கிட்டப் போய்ப் போய் நின்று பார்த்தான். நான் குனிந்து மகளின் சப்பாத்து நூலைக் கட்டினேன். நீங்கள் தண்ணீர்ப் போத்திலை மூடிக்கொண்டிருந்தீர்கள். நிமிர்ந்தபோது பனிப்புகார் வந்துவிட்டது. வந்தது என்று சொல்வதா, விழுந்தது என்று சொல்வதா? மரையைக் காணவில்லை. மகனையும் காணவில்லை.

அந்தப் பாதை எங்கே போய் முடிகிறதென்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். மலை அங்கே வெட்டி விட்டதுபோல நின்று, கீழே ஆயிரக்கணக்கான அடி பள்ளம்.

நீங்கள்தான் கூப்பிட்டீர்கள்.

"தம்பீ! டேய் தம்பீ! எங்கயடா நிக்கிறாய்? நிண்ட இடத்தில நில்லு, அப்பா வாறன்!"

அவ்வளவு பெரிய சத்தம் உங்களிடம் இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும். அந்தச் சமவெளி முழுக்கத் தமிழ் கேட்டது. அந்த நேரத்திலும், வெட்கம்தான் சொல்ல, யார் கேட்கிறார்கள் என்று நான் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் வந்த குடும்பம் நின்றது. அந்தத் தகப்பன் குடையை மனைவியிடம் கொடுத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், "மல்லி! மல்லி!" என்று, சிங்களத்தில் தம்பியைக் கூப்பிட்டபடி, மற்றப் பக்கம் ஓடினார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெள்ளைக்குள் இருந்து, பள்ளத்துப் பக்கமாக, ஒரு சின்னக் குரல் கேட்டது.

"தாத்தா! தாத்தா!"

தேடிவிட்டு வந்துகொண்டிருந்த அந்தச் சிங்களத் தகப்பன் சடாரென்று தன்னுடைய பிள்ளைகளைப் பார்த்தார். அவை தாயோடு நின்றன. பிறகு அவர் உங்களைப் பார்த்தார். நீங்கள் அசையாமல் நின்றீர்கள். உங்களைத்தான் கூப்பிடுகிறான் என்று உங்களுக்கு உறைக்கவில்லை. நான் உங்கள் தோளைப் பிடித்துத் தள்ளினேன். "அது அவன்! போங்கோ!"

ஒரு தாழ்ந்த மரத்தைக் கட்டிப் பிடித்தபடி நின்றிருக்கிறான். தூக்கிக்கொண்டு வந்தீர்கள். காற்சட்டை முழுக்கச் சேறு. அந்தத் தகப்பன் அவனுடைய தலையைத் தடவி, ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டுத் தன் பிள்ளைகளோடு நடந்தார். நீங்கள் ஈரப் புல்லில் அப்படியே இருந்துவிட்டீர்கள், அவனை மடியில் வைத்துக்கொண்டு.

"நான் கூப்பிட்டது கேட்டதோ?"

"ஓம்."

"அப்ப ஏனடா அப்பா எண்டு கூப்பிடேல்லை?"

அவன் உங்களை விளங்காமல் பார்த்தான். "வெளியிலயெல்லோ நிக்கிறம்," என்றான்.

நீங்கள் அழுததை அதற்கு முன் நான் கண்டதில்லை. சத்தமில்லாமல் அழுதீர்கள். பிறகு பிள்ளைகள் இரண்டையும் முன்னால் இருத்தி, "இனிமேல் நான் அப்பா. உள்ளுக்கயும் அப்பா, வெளியிலயும் அப்பா. விளங்கிச்சுதோ?" என்றீர்கள். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னீர்கள்.

உலக முடிவை நாங்கள் பார்க்கவில்லை, பனிப்புகார் விலகவில்லை. ஆனால் இறங்கி வரும் வழியில் ஒரு திருப்பத்தில் திடீரென்று எல்லாம் திறந்தது. மலைக்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னால் மலை. சாரதி வானை ஓரமாக நிறுத்தினார்.

"அது கடலோ அப்பா?" என்றான் மகன். வெள்ளவத்தைப் பிள்ளைக்கு நீலமாக இருந்தால் கடல்தான்.

"இல்லையடா. அவ்வளவும் மலை."

"அப்ப ஏன் நீலம்?"

"தூரத்தில நிக்குது, அதுதான்."

மகள் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த ஒரு திருப்பத்துக்காக நீங்கள் பட்ட பாடு வீண் போகவில்லை என்று நான் நினைத்தது அப்போதுதான்.

நகரத்துக்கு வருமுன் சோதனைச் சாவடி. காலையில் அது இருக்கவில்லை. இளம் ஆமிக்காரன் ஒருவன் தலையை உள்ளே விட்டான். எங்கே போய் வருகிறீர்கள் என்று சாரதியிடம் சிங்களத்தில் கேட்டான். சாரதி சரளமாகப் பதில் சொன்னார். அவன் கையை அசைத்துப் போகச் சொல்லுகிற நேரம், மகன் நித்திரையால் எழும்பி, துவக்கைக் கண்டு, உங்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, உரத்த குரலில்:

"அப்பா! எனக்கு ஒண்டுக்கு வருது!"

அசைந்த கை நின்றது. "தெமளத?" என்றான். தமிழரா என்று கேட்டான். "ஓவ்," என்று ஒத்துக்கொண்டீர்கள் நீங்கள்.

இறங்கச் சொன்னார்கள். அடையாள அட்டையை வாங்கினார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆளுக்கு இங்கே என்ன வேலை என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பிள்ளைகளுக்கு மலை காட்ட வந்தேன் என்று நீங்கள் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். அது அவர்களுக்கு நம்பத்தக்க காரணமாகப் படவில்லை. மகனைத் தேயிலைப் பக்கம் கொண்டுபோக மட்டும் விட்டார்கள். நீங்கள் அவனைப் பிடித்துக்கொண்டு நிற்க, அந்த இளம் பொடியன் துவக்கோடு பின்னால் நின்று, வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு உங்களை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டார்கள்.

நான் வானுக்குள் பிள்ளைகளோடு இருந்தேன். சாரதி போகலாம் என்று சொன்னார்கள், அவர் போகவில்லை. "ஐயா வரட்டுங்கம்மா" என்று சொல்லிவிட்டுச் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டார். மத்தியானம் தாண்டியது. நீங்கள் கொடுத்த இலக்கத்துக்கு, கொழும்பு நண்பருக்கு, அவர்கள் எப்போது கோல் எடுத்தார்கள், அவர் என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை முழுக்கத் தெரியாது. வெயில் சாயும்போது நீங்கள் சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தீர்கள். யாரும் அடிக்கவில்லை என்று உங்கள் நடையைப் பார்த்துத் தெரிந்த பிறகுதான் நான் மூச்சு விட்டேன்.

வான் வெளிக்கிட்டுக் கொஞ்சத் தூரம் போனதும் மகள் கேட்டாள். "அப்பா, தம்பி தாத்தா எண்டு சொல்லியிருந்தா விட்டிருப்பினமோ?"

நீங்கள் பொய் சொல்லவில்லை. "ஓம் பிள்ளை, விட்டிருப்பினம்," என்றீர்கள். பிறகு, "ஆனா நான் உங்கட அப்பா," என்றீர்கள்.

கொழும்புக்கு வந்த பிறகு நாங்கள் பிடித்த சண்டைதான் இன்னும் முடியாதது. பெருமைக்காகப் பிள்ளைகளைப் பலி கொடுக்க ஏலாது என்று நான் சொன்னேன். ஒரு பிள்ளை சாகப் போகிற நேரத்திலும் தகப்பனைத் தன்ர பாஷையில் கூப்பிட யோசிக்குமென்றால், நாங்கள் எதைக் காப்பாற்றுகிறோம் என்று நீங்கள் கேட்டீர்கள். இரண்டு நாள் கதையில்லை. கடைசியில் ஒரு ஏற்பாடு வந்தது: பஸ்ஸில் உங்களை எப்படியும் கூப்பிட வேண்டாம், கையைப் பிடித்து இழுத்தால் போதும். சண்டை முடியும்வரை, நாட்டுச் சண்டையைச் சொல்லுகிறேன், பிள்ளைகள் அப்படித்தான் செய்தன. உங்கள் சேர்ட்டுக் கைகள் எல்லாம் இழுபட்டுத் தொங்கும்.

நான் செய்தது பிழை என்று இன்றும் நான் நினைக்கவில்லை. இரண்டு பிள்ளைகளும் உயிரோடு வளர்ந்தார்கள். நீங்கள் சொன்னது பிழை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். முந்தி நீங்கள் எனக்கு எதிரே இருந்து மற்றப் பக்கத்தைப் பேசினீர்கள். இப்போது இரண்டு பக்கத்தையும் நானே பேச வேண்டியிருக்கிறது. அதுதான் தனிமை என்று நினைக்கிறேன்.

மகளின் கலியாண வீடியோவில் நீங்கள் நன்றி சொல்லிப் பேசுகிற இடத்தைப் பிள்ளைகள் தங்கள் போனில் வைத்திருக்கிறார்கள். அப்பாவின் குரல் கேட்க வேண்டும் போலிருந்தால் அதைப் போட்டுக் கேட்பார்களாம். எனக்கும் அனுப்பினார்கள். ஒருமுறை கேட்டேன். பக்கத்து மேசைக்குக் கேட்காதபடி, பஸ்ஸில் கதைப்பதுபோல, அவ்வளவு மெல்ல.

அது அவர்களிடம் இருக்கட்டும். என்னிடம் இருப்பது வேறு. பனிப்புகாருக்குள் ஒன்றுமே தெரியாமல், யார் கேட்கிறார்கள் என்று பாராமல், மகனை நோக்கி "அப்பா வாறன்" என்று கத்தின உங்கள் குரல்.