பிரெஞ்சு பேச ஓர் ஆள்

மே 12, திங்கள்

காலையிலேயே மேகம். துணியை மாடியில் போடலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் உள்ளேயே கொடி கட்டியாயிற்று.

இன்றைய வேலை: கேஸ் புக் பண்ண. மாவு அரைக்க. தேஜுவுக்குப் பிரெஞ்சுப் பாடத்திட்டம் முடிவு பண்ண. மூன்றாவதுதான் உயிரை வாங்குகிறது.

தேஜு அப்பா கெடு வைத்துவிட்டார். எட்டாம் வகுப்புக்கு வருகிறாளா இல்லையா என்று அடுத்த திங்கள் ஸ்கூலில் சொல்லியாக வேண்டும். "மேக்ஸ், சயின்ஸ் நீ சொல்லித் தர்ற. ஒத்துக்கறேன். அவ ஆசப்பட்டு எடுத்தது பிரெஞ்சுதான். அதுக்கு ஒரு வழி பண்ணு. இல்லன்னா ஜூன்ல ஸ்கூலுக்குத்தான். அழுதாலும் சரி." தட்டைப் பார்த்தபடியே சொன்னார். தேஜு பக்கத்து அறையில் இருந்தாள். அவள் காதில் விழட்டும் என்றுதான் அத்தனை சத்தம்.

ஜனவரியில் ஸ்கூலுக்குப் போவதை நிறுத்தினாள். வேன் ஹாரன் கேட்டாலே வாந்தி. உடம்பில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். வகுப்பில் நாலைந்து பெண்கள் கூடிக்கொண்டு, அவளிடம் யாரும் பேசக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருந்தது அப்புறம்தான் தெரிந்தது. அதற்குள் இவர் ஒரு நாள் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போய் வேனில் ஏற்றினார். தெருவே பார்த்தது. அன்றோடு அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சு நின்றது. எதுவானாலும் என் வழியாக. "அவகிட்ட சொல்லு." "அவர்கிட்ட சொல்லும்மா." நான் என்ன, போஸ்ட் ஆபீஸா?

மே 13, செவ்வாய்

வெயில். துணி எல்லாம் ஈர நாற்றம், மறுபடி அலச வேண்டும்.

கம்பெனியில் நான் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தபோது மூன்று டிரே வைத்திருப்போம்: ஓகே, ரிஜெக்ட், ஹோல்டு. அந்தப் புத்திதான் இன்னும்.

1. பாடப்புத்தகம், பயிற்சிப் புத்தகம். பரீட்சைக்குக் கெட்டி. தேஜு ஒரு பக்கம் எழுதிவிட்டுப் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு ஜன்னலையே பார்த்தாள். ஹோல்டு.

2. மொபைல் ஆப். சரியாகச் சொன்னால் பட்டாசு வெடிக்கிறது. "இது குட்டிப் பசங்களுக்கும்மா." ரிஜெக்ட். எனக்குப் பட்டாசு பிடித்திருந்தது.

3. ஜோடிப் பாடம். ஆன்லைனில் வருவது; வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து படிக்க வேண்டும். ஒருவர் கேட்க, மற்றவர் பதில் சொல்ல. பெரியவருக்குப் பிரெஞ்சு தெரிந்திருக்கத் தேவையில்லையாம். முதல் வாரம் இலவசம். இதுதான் என்று மனசு சொல்கிறது. என் பேரும் அவள் பேரும் போட்டுப் பதிவு பண்ணிவிட்டேன். அவளைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள்.

மே 15, வியாழன்

படுதோல்வி.

டேப்லெட்டை நடுவில் வைத்து, "போன்ஷூர், தேஜு" என்றேன். முதலில் சிரித்தாள். இரண்டாவது தடவை முகம் சிவந்துவிட்டது. "ஐயோ, நீ பேசாதம்மா. ஒரு மாதிரி இருக்கு." மூன்றாவதற்கு டேப்லெட்டைக் கவிழ்த்துவிட்டாள். எனக்கும் கோபம் வந்து கத்தினேன். நேரமே இல்லாதபோது இது வேறு.

இந்த வீட்டு வழக்கத்தை நானே மறந்துவிட்டேன். இங்கே பாஷை ஆளுக்கு ஒன்று. என்னோடு தமிழ். அப்பாவோடு தெலுங்கு. எதிர்வீட்டு மஞ்சுளாக்கா "ஊட்டா ஆய்த்தா?" என்று, சாப்பாடு ஆச்சா என்று கேட்டால் திரும்பிக்கூடப் பார்க்காமல் கன்னடத்தில் பதில். யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை, இந்தத் தெருப் பிள்ளைகள் எல்லாம் இப்படித்தான். நான் தப்பித் தவறி ஒரு தெலுங்கு வார்த்தை சொன்னால் காதைப் பொத்திக்கொள்வாள். தமிழே பேசி வளர்ந்த பாரூர்க்காரி என் வாயில் தெலுங்கு வந்தால் அவளுக்கு ஆகாது. பிரெஞ்சு மட்டும் ஆகுமா?

சாயங்காலம் கோபம் ஆறியதும் கேட்டேன்.

"அப்போ யார்கூடத்தான் பேசுவ? மஞ்சுளாக்காகூடவா?"

"அக்காகூட கன்னடம்மா."

"உங்கப்பாகூட தெலுங்கு. அப்புறம் யாரு இருக்கா?"

பாவாடை ஓரத்தைப் பிரித்துக்கொண்டே, "அப்பாகூடதான் இப்ப ஒண்ணுமே இல்லையே" என்றாள்.

அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

மே 16, வெள்ளி

முதல் ஷிப்ட் முடிந்து வந்தார். காபி கொடுத்துவிட்டுக் கேட்டேன், ஜோடிப் பாடத்தில் என் பேரை எடுத்துவிட்டு உங்கள் பேரைப் போடட்டுமா என்று.

"உனக்கென்ன பைத்தியமா? லைன்ல எட்டு மணி நேரம் நின்னுட்டு வரேன். எனக்கு எதுக்கு பிரெஞ்சு?"

"உங்களுக்கு இல்லைங்க, அவளுக்கு."

"வந்ததும் தின்னாவான்னு கேக்கறேன். சாப்ட்டியான்னு கேக்கறது ஒரு தப்பா? செவுத்தப் பாத்துக்கினு போறா. தெலுங்குலயே பேசாதவ பிரெஞ்சுல பேசுவாளா?"

குரல் உடைந்தது. மறைக்க இருமினார். கோபம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி கோபமே இல்லை போலிருக்கிறது. ஆனாலும் முடியாது என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

கேஸ் வந்தது. மாவு அரைக்கவில்லை.

மே 17, சனி

மழை. கரண்ட் இல்லை. எழுதவே கை வரவில்லை.

காலையில் அவர் பரணில் ஏறி தேஜுவின் ஸ்கூல் ஷூவை இறக்கி, பாலீஷ் போட்டு, வாசல் பக்கம் ஜோடியாக வைத்திருக்கிறார். ஜூனில் ஸ்கூல்தான் என்று வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான். தேஜு பால் பாக்கெட் எடுக்கப் போனவள் பார்த்துவிட்டாள். ஜனவரிக்கு அப்புறம் இன்றுதான் மறுபடி வாந்தி. முதுகைத் தடவிக்கொண்டே நின்றேன்.

வெளியே வந்து கத்தினேன். "அவ உங்க பொண்ணா, இல்ல ஷிப்டுக்கு லேட்டா வந்த ஆளா?" மஞ்சுளாக்கா வீட்டுக் கதவு திறந்து மூடிக்கொண்டது. கேட்டால் கேட்கட்டும்.

அவர் பாத்ரூம் வாசலில் போய் நின்றார். உள்ளே அவள் வாய் கொப்பளிக்கும் சத்தம். ரொம்ப நேரம் நின்றார். அப்புறம் குடையைக்கூட எடுக்காமல் வேலைக்குப் போனார். ஷூ அங்கேயே இருக்கிறது. நான் தொடவில்லை. வைத்தவர் எடுக்கட்டும்.

மே 18, ஞாயிறு

மழை விட்டது. ஒருவழியாக மாவு அரைத்தேன்.

நாளை ஸ்கூலுக்குச் சொல்ல வேண்டும். ஓகே டிரே இன்னும் காலி.

அவருக்கு இன்றும் ஓவர்டைம். மத்தியானம் வந்தார். யூனிபார்ம்கூட மாற்றாமல் தேஜு மேஜைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கை நகத்தில் கிரீஸ். என்னைப் பார்த்து, "அந்த ரெண்டு பேர் பாடம். போடு" என்றார்.

தேஜு எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பாடத்தைப் போட்டுவிட்டுச் சமையலறை வாசலில் நின்றேன்.

முதல் பாடம்: உன் பேர் என்ன? பெரியவர் கேட்க வேண்டும். ஆங்கில எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தார். "கொமென்ட்... து..." பதில் இல்லை. மறுபடி படித்தார். இன்னும் மோசம். வேர்த்துவிட்டது அவருக்கு. பெற்ற பிள்ளையிடம் உன் பேர் என்ன என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், அதுவும் கெஞ்சுகிற மாதிரி. போதும், விடுங்க என்று எனக்கு வாய் வரை வந்துவிட்டது. மூன்றாவது தடவை ஆரம்பித்தார்.

"அட்ல காது, நான்னா."

அப்படி இல்லைப்பா. தெலுங்கில். அவளுக்கே தெரியாமல் வந்துவிட்டது.

பிறகு அவள் டேப்லெட்டைத் தன் பக்கம் இழுத்து, மெதுவாகச் சொல்லிக் காட்டினாள். அவர் திருப்பிச் சொன்னார். அவள் பதில் சொன்னாள், தேஜு என்று.

பாடம் முடிந்ததும் அவர் எழுந்து வாசலுக்குப் போனார். ஷூவை எடுத்தார். ஸ்டூல் போட்டு ஏறிப் பரணில் உள்ளே தள்ளி வைத்தார்.

மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்திருக்கிறது. துடைக்க வேண்டும்.