உன் தம்பியின் ஜிம்மும் என் கோபமும்

உன் தம்பி திறந்திருக்கும் ஜிம்மின் வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. 'உடம்பில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வருபவர்களுக்கு அனுமதி இல்லை.' இந்த ஊரைத் தவிர வேறெங்கும் ஓர் உடற்பயிற்சிக் கூடத்துக்கு இப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்காது. நான் படியேறிப் போன காலையில் இடுப்பில் துண்டும் மேலெல்லாம் நல்லெண்ணெயுமாக ஒருவர் வாசலில் நின்று வாதாடிக்கொண்டிருந்தார். இங்கே ஒரு மணி நேரம் வேர்க்க விட்டுவிட்டு அப்படியே குற்றால அருவிக்குப் போய்விடுவாராம். "ரெண்டு வேலையும் ஒண்ணா முடியும்லா?" என்று கேட்டார். உள்ளேயிருந்த பையன்கள் மிஷினெல்லாம் வழுக்கும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அவர் என்னைக் கடந்து இறங்கியபோது அந்த வாசனை மூக்கில் ஏறியது. பச்சை எண்ணெயும் வேர்வையும் கலந்த வாசனை. நீ செத்துப்போனதற்குப் பிறகு உன்னை நான் அவ்வளவு பக்கத்தில் உணர்ந்ததில்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

நாம் இலஞ்சியிலிருந்து குற்றாலத்துக்கு ஓடிய காலத்தில் உனக்கு ஒரே குறி போலீஸ் செலக்‌ஷன். எனக்கு அப்படி எதுவும் இல்லை. எம்.ஏ. முடித்துவிட்டு ஆராய்ச்சிக்கு இடம் கிடைக்குமா என்று காத்திருந்தேன். நீ விடியுமுன் வந்து ஜன்னல் கம்பியைத் தட்டுவாய். வீட்டிலேயே எண்ணெய் தேய்த்துக்கொண்டு, தோப்புகளுக்கு நடுவே போகும் அந்த ரோட்டில் பளபளவென்று ஓடுவாய். நான் பின்னால் இரைத்துக்கொண்டு வருவேன்.

"ஏலே படிச்சவனே, மூச்ச மூக்கால விடு. வாயப் பொளந்துக்கிட்டு வாராம் பாரு, நாய் கணக்கா."

"நான் என்ன போலீஸ்லயா சேரப் போறேன்?"

"சேராட்டா என்ன? ஒருநாள் போலீஸ் வெரட்டும்லா, அப்ப ஓடணும்லா!"

அருவியில் நின்றதும் நீ பேச்சை நிறுத்திவிடுவாய். முதலில் தோள், பிறகு முதுகு, கடைசியில்தான் தலை. எண்ணெய் இறங்கும் வரைக்கும் நிற்பாய். வெளியே வந்து நடுங்கிக்கொண்டே, "ஒடம்புக்கு இதவிட என்னலே வேணும்?" என்பாய். அப்போது அதற்கு யாரும் சந்தா கட்டவில்லை.

இப்போது கட்டச் சொல்கிறார்கள். என் வீட்டில் பல வாரங்களாக இதுதான் பேச்சு. ஒரு வருஷத்துக்குக் குடும்பச் சந்தா என்று உன் தம்பி கேட்கும் தொகை, நான் வேலை பார்க்கும் சுயநிதிக் கல்லூரி எனக்கு ஒரு மாதத்துக்குத் தருவதைவிட அதிகம். நிரந்தர வேலைகள் யார் யாருக்கு எப்படிப் போயின என்பது உனக்குத் தெரியும். அந்தப் பெயர்களை இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். அதை விடு.

என் மனைவி சாந்திக்கு சர்க்கரை. தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அவள் நடக்கவும் செய்கிறாள், வீட்டுக்குள்ளேயே. வாசல் கதவிலிருந்து அடுப்படி வரை, அடுப்படியிலிருந்து வாசல் கதவு வரை. பேப்பர் படிக்கும் என் முகத்தில் அவள் நிழல் விழுந்து விழுந்து போகும். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கும். போன வருஷம் எங்கள் மகள் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த வீட்டை விட்டுத் திரும்பி வந்துவிட்டாள். நல்லதற்குத்தான் வந்தாள். ஆனால் தெருவுக்கு அந்த விவரமெல்லாம் எதற்கு? சாந்தி காலையில் மைதானத்துக்கு நடக்கப் போனால் ஒருத்தி நிறுத்துவாள். "மக வந்திருக்காளாமே, எப்பப் போறா?" அவளைத் தாண்டினால் அடுத்தவள் நிற்பாள். கொஞ்ச நாளில் சாந்தி மைதானத்தை விட்டாள். மகள் வாசலையே விட்டாள். அறைக்குள் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறாள், அங்கேயே சாப்பிடுகிறாள்.

ஜிம் நோட்டீஸைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தது சாந்திதான். காலை பத்து மணிக்கு மேல் பெண்களுக்கு மட்டும் என்று அதில் போட்டிருந்தது.

"மைதானம் சும்மாதானே கெடக்கு? மலக்காத்து சும்மாதானே அடிக்கி?" என்றேன்.

"காத்து சும்மா கெடைக்கும். ஆளுவ வாய் சும்மா இருக்குமா?"

"அங்க மட்டும் ஊர்க்காரிய வர மாட்டாளுவளா?"

"வரட்டும். அங்கன எல்லாருக்கும் மூச்சு வாங்கும். கேள்வி கேக்க எங்க நேரம்?" கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அவளும் என்கூட வாரேங்குதா" என்றாள்.

மகள் எங்கோ வருகிறேன் என்று சொன்னது ஒரு வருஷத்தில் அதுதான் முதல் முறை. எனக்கு அது புரிந்தது. புரிந்த பிறகும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. காரணம் தொகை என்றுதான் சாந்தியிடம் சொன்னேன். தொகை பாதிக் காரணம். மீதிப் பாதி நீ.

அந்த அருவி விஷயத்தை உன்னோடு நேரில் பேசித் தீர்க்கவே இல்லை. இப்போது எழுதுகிறேன். மதுரையிலிருந்து என் மச்சினன் புதுக் காரில் குடும்பத்தோடு வந்திருந்தான். சீசன் உச்சத்தில் இருந்தது. பேரருவியில் நீ போலீஸ் டியூட்டி. "நம்ம ஆளுதான் அங்க நிக்கான், வாங்க" என்று பெருமையாகச் சொன்னேன். வீட்டிலேயே எல்லோரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, பழைய வேட்டியை சீட்டில் விரித்து உட்கார்ந்து வந்தோம். வந்து பார்த்தால் தண்ணீர் செம்மண் நிறத்தில் பாலத்து மட்டத்துக்குப் புரண்டு வருகிறது. குறுக்கே கயிறு கட்டியிருக்கிறது. விசிலோடு நீ நிற்கிறாய். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஓரத்தில் பிள்ளைகளை மட்டும் நனைத்துவிட்டுப் போகிறோம் என்றேன்.

நீ என் முகத்தைப் பார்த்தாய். "அண்ணாச்சி, தள்ளி நில்லுங்க. எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்" என்றாய்.

அண்ணாச்சி! வாழ்நாள் முழுக்க என்னை 'ஏலே' என்று கூப்பிட்டவன், மளிகைக் கடைக்காரரைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டாய். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எண்ணெய் வழிய எல்லோரும் திரும்பி வந்தோம். எண்ணெயோடு வீடு வரை போவதற்கு வேட்டி போதாது என்று மச்சினன் ஒரு கடையில் பழைய பேப்பர் வாங்கி சீட்டில் பரப்பினான். வழியெல்லாம் பேப்பர் சரசரத்தது. "மச்சான், ஒங்க ஆளு நல்ல ஆளுதான்" என்று அவன் சொன்னது அதற்குப் பிறகு அவர்கள் வீட்டு விசேஷங்களிலெல்லாம் ஒரு வேடிக்கைக் கதையாகிவிட்டது.

நான் பேச்சை நிறுத்தினேன். நீயும் வந்து பேசவில்லை. வெகு நாள் கழித்து ஒருவன் மூலம் சொல்லியனுப்பினாய். அன்றைக்கு மேலேயிருந்து மரக்கட்டை உருண்டு வந்துகொண்டிருந்ததாம், மலையிலிருந்து உனக்குத் தகவல் வந்திருந்ததாம். இருக்கலாம். நீ பொய் சொல்லுகிறவன் இல்லை. ஆனால் நீ, "ஏலே, கட்டை வருது, தள்ளிப் போ" என்று சொல்லியிருந்தாலும் தள்ளித்தான் போயிருப்பேன், அதுவும் சிரித்துக்கொண்டு. மரியாதை கொடுத்து ஒருத்தனை அறைய முடியும் என்று உன்னிடம்தான் கற்றேன். இதை இப்போதும் மாற்றிச் சொல்லப் போவதில்லை.

பிறகு நீ செத்துப்போனாய். அத்தனை வருஷம் ஓடிய நெஞ்சு, வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டிருக்கும்போது நின்றுவிட்டது. அந்தச் செய்தி எனக்கு மறுநாள் வேறொருவன் வாய்வழியாக வந்தது. நான் செங்கோட்டையில் உன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரு வண்டியில் ஏற்றினார்கள். நான் உட்காரக்கூட இல்லை. உன் வீட்டார் யாருக்கும் எனக்கு ஒரு போன் போடத் தோன்றவில்லை.

அப்படிப்பட்ட வீட்டுக்குப் பணம் கட்டி என் குடும்பத்தை அனுப்ப வேண்டுமா என்பதுதான் கேள்வி. குறை கண்டுபிடிப்பதற்காகவே ஜிம்முக்குப் போனேன். ஏ.சி. சரியாக வேலை செய்யாது, குளியலறை நாறும், பாட்டு காதைப் பிளக்கும் என்றெல்லாம் சாந்தியிடம் வந்து சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு படியேறினேன். குளியலறை சுத்தமாக இருந்தது. பாட்டு மட்டும் மோசம். வரவேற்பு மேஜைக்குப் பின்னால் காக்கிச் சட்டையில் உன் போட்டோ, மாலையும் சீரியல் பல்பும் போட்டு. பல்பு சிவப்பும் பச்சையுமாக உன் முகத்தில் மாறி மாறி விழுந்தது. எப்படிப்பட்ட ரசனை!

உன் தம்பி துபாயில் இருந்து தடித்துத் திரும்பியிருக்கிறான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"வாங்கண்ணே. இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

"ஒங்க வீட்டுக்கு வழி தெரியும். ஆள் போய்ச் சேந்த சேதிதான் எனக்குத் தெரியாமப் போச்சு."

அவன் அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்பான் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"நெசத்தச் சொல்லுதேன், கேளுங்க. போனக் கையில எடுத்தோம். நீங்க அவன்ட்ட பேசி எத்தன வருசம் ஆச்சு? சொன்னா வருவீயளா, வராம இருந்துருவீயளான்னு எங்களுக்குத் தெரியல. நீங்க வராம இருந்துட்டா அம்மா தாங்க மாட்டா. அதான் சொல்லல."

"நான் வராம இருப்பனா?"

"அது எங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் படியிறங்கிவிட்டேன். இறங்க இறங்கக் கோபம் இன்னும் ஏறியது. நான் வராமல் இருந்துவிடுவேன் என்று நினைக்கும்படி நான் நடந்துகொண்டேனா, இல்லை அவர்களாகவே முடிவு கட்டினார்களா என்று நாள் முழுக்க உருட்டிப் பார்த்தேன். வகுப்பில் பாடம் நடத்தும்போதும் அதுவே ஓடியது. இரண்டுக்கும் ஆதாரம் இருந்தது.

ஒருநாள் இலவசமாக வந்து பார்க்கலாம் என்று நோட்டீஸில் போட்டிருந்தது, சாந்தி விடவில்லை. சாந்தியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். பெண்கள் நேரம் என்பதால் நான் கண்ணாடிக்கு வெளியே படிக்கட்டில் நின்றேன். சாந்தி சுடிதார் போட்டு நான் பார்த்ததில்லை. மகளுடையதைப் போட்டிருந்தாள், அக்குளில் இறுக்கியது. நடக்கும் மிஷினில் ஏறி இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பட்டை நகர ஆரம்பித்ததும் கண்ணை மூடிவிட்டாள்.

"அம்மா, டவுன் பஸ்ல நிக்க மாதிரி பிடிக்காத. கைய விடு."

"விட்டா வுழுந்துருவேன்ட்டி!"

"வுழ மாட்ட. நான் நிக்கேன்லா."

சாந்தி ஒரு கையை விட்டாள். பிறகு மறு கையையும் விட்டாள். எங்கள் மகள் சிரித்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வரைக்கும் கேட்கும்படி, வாயைப் பொத்தாமல். பக்கத்து மிஷினில் எங்கள் தெருக்காரி ஒருத்தியே நடந்துகொண்டிருந்தாள். சாந்தி சொன்னது சரிதான். அவளுக்கு மூச்சு வாங்கியது, தலையை மட்டும் ஆட்டினாள்.

நான் நேரே கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்த வரவேற்பு மேஜைக்குப் போனேன்.

உன் தம்பி கால்குலேட்டரை எடுத்துவிட்டு, திரும்ப வைத்துவிட்டான். "அண்ணன் கூட்டாளிட்ட முழு ரூவா வாங்கினா அவன் என்னய விடுவானா? பாதி போதும்ணே."

"எல்லாருக்கும் என்னவோ, அதையே வாங்கு."

"ஏம்ணே இப்படிப் பேசுதீய?"

"பாதிய வாங்கிட்டு நாளைக்கு நீ எனக்கு ஒரு போன்கூடப் போட மாட்ட. முழுசா வாங்கு."

அவன் சிரித்தான். உன் சிரிப்பு மாதிரியே அதுவும் இடப்பக்கம் கோணியது. "எங்க மேல கோவம் இன்னும் போகல, அப்படித்தானே?"

"போகல. போகவும் செய்யாது."

"சரி. கோவத்தோடயே வாங்க. இங்க எண்ணெய்க்குத்தான் தடை, கோவத்துக்கு இல்ல."

முழுச் சந்தாவையும் கட்டினேன். குறைத்து வாங்கியிருந்தால் சமாதானம் ஆகிவிட்டதாக அவன் நினைத்திருப்பான். எதற்காக அவனுக்கு அந்த நிம்மதி? தொகைக்கு இது தகுமா என்று நீ இருந்திருந்தால் கேட்டிருப்பாய். அருவியைக் கையில் வைத்துக்கொண்டு மிஷினில் ஓடுவதற்குப் பணம் கட்டுகிறாயே முட்டாப்பயலே என்றிருப்பாய். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் சாந்தி இப்போது வீட்டுக்குள் நடப்பதில்லை. பத்து மணிக்கு இரண்டு பேரும் பூட்டிவிட்டுக் கிளம்புகிறார்கள். போகும் வழியில் யாராவது நிறுத்திக் கேட்டால் மகளே பதில் சொல்கிறாளாம், "நேரமாச்சு ஆச்சி, ஜிம்முக்குப் போணும்."

ஞாயிற்றுக்கிழமை காலை குடும்பங்களுக்கு. சந்தாவில் என் பெயரும் இருப்பதால் போகாமல் விட மனசில்லை. முதல் வாரம் சாந்திக்குப் பக்கத்து மிஷினில் ஏறினேன். பெரிய கண்ணாடியில் மேற்கே மலை தெரிந்தது, பாதிக்கு மேல் மேகம் மூடியிருந்தது. மெதுவாகத்தான் நடந்தேன். ஆனாலும் உன்னிடம் சொல்ல வேண்டியதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நீ நிற்கிறாய், இந்தப் பக்கம் நான். இந்த முறை எனக்குச் சரியான பதில் கிடைத்தது. அதற்கு நீ ஒன்று சொன்னாய். அதற்கும் நான் சொன்னேன்.

"யார்ட்டங்க பேசுதீங்க?" என்றாள் சாந்தி.

"யார்ட்டயும் இல்ல."

அவள் தன் மிஷினின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு என்னையே பார்த்தாள். எனக்கு வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. நீ இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. நான் என் வேகத்தைக் கூட்டினேன்.