பேனாக் கோடு போட்ட தண்ணீர் பாட்டில்

"டீச்சரம்மா, காலைலேருந்து ஒரு வாய் தண்ணி குடிச்சீங்களா?"

நீங்கள் கேட்ட கேள்வி இது, சம்பந்தியம்மா. நாளை கோவைக்கு ரயில். பையில் வைக்க நீல பாட்டிலை எடுத்தேன். நீங்கள் அதன்மேல் இழுத்த நான்கு கறுப்புக் கோடுகள் மங்கியிருக்கின்றன, அழியவில்லை.

2006 மார்ச்சில் நாம் இருவரும் ஒரே சமயத்தில் அமெரிக்காவில், டெக்சாஸின் ஆலன் நகரில் பிள்ளைகள் வீட்டில் இருந்தோம். உங்கள் மகன், அதாவது என் மாப்பிள்ளை, ஓர் ஆர்.வி.யை வாடகைக்கு எடுத்து வந்து வாசலில் நிறுத்தினார். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. மேற்கு டெக்சாஸில் ஒரு பாலைவனப் பள்ளத்தாக்குக்குப் போய் நடக்கப்போகிறோம் என்றார்.

போய்ச் சேர்ந்த அன்று மாலை அவர் கையுறை மாட்டிக்கொண்டு, வண்டியின் கழிவுத் தொட்டியில் ஒரு தடிக் குழாயைப் பொருத்தித் தரையிலிருந்த துளைக்குள் விட்டார். பார்த்த எனக்கு உடம்பே கூசிவிட்டது. அவர் குடித்த காபித் தம்ளரைக்கூட அவரைக் கழுவவிடாத வீடு எங்களுடையது. அவர் கையால் என் கழிவையா? குடித்தால்தானே போக வேண்டும் என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன். கழிப்பறை சரியில்லாத பள்ளிக்கூடங்களில் முப்பத்தோரு வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளுக்கு இது பழகிய வித்தைதான். முதல் மணிக்கு வாயைக் கட்டினால் கடைசி மணி வரை தாங்கும்.

பாலைவனத்தில் அந்த வித்தை செல்லாது என்று எனக்குத் தெரியவில்லை. நனைத்த கைக்குட்டை கையிலிருக்கும்போதே காய்ந்தது. என் உடம்பும் அப்படித்தான் காய்கிறது என்று தோன்றவில்லை. வியர்க்கவே இல்லை என்று பெருமைப்பட்டேன். மலையென்றால் களைத்த இடத்தில் திரும்பி இறங்கிவிடலாம். பள்ளத்தாக்கில் இறக்கம் முதலில், ஏற்றம் பிறகு. அடியில் ஓடும் ஆற்றங்கரை வரை பிள்ளைகளுக்குச் சமமாக இறங்கினேன். ஏறும்போது பாதி வழியில் பாறைச் சுவர் சுழன்றது. உட்கார்ந்துவிட்டேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிள்ளைகள் வளைவைத் தாண்டி முன்னே போயிருந்தார்கள். நீங்கள் என் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தீர்கள். நிரம்பியிருந்தது. அப்போதுதான் அந்தக் கேள்வி.

பொய் சொல்லத் தெம்பில்லை. காரணத்தைச் சொன்னேன்.

"இதுக்கா? அவன் பீத்துணிய மூணு வருஷம் நான் அலசினேன். மூணு நாளு அவன் அலசட்டும். குடிங்க!"

"இருந்தாலும் மாப்பிள்ளை..."

"மாப்பிள்ளையாம் மாப்பிள்ளை! நீங்க இங்க விழுந்தா முதுகுல தூக்கிட்டுப் போகப்போறதும் அவன்தான். எது பெட்டர்? கணக்கு டீச்சர்தானே, நீங்களே சொல்லுங்க."

விடை எனக்குத் தெரிந்துவிட்டது. பாறை நிழலில் உட்காரவைத்து, வாய் வாயாகத் தண்ணீரும் நடுநடுவே உப்புக்கடலையும் கொடுத்தீர்கள். நம்மைத் தேடித் திரும்பி வந்த பிள்ளைகளிடம், "டீச்சரம்மா வியூ பாக்கறாங்க, தொந்தரவு பண்ணாதீங்க" என்றீர்கள். பிறகு என் காலாலேயே மேலே ஏறி வந்தேன்.

வண்டியை அடைந்ததும் நீங்கள் போட்ட சத்தம் பக்கத்து வண்டிக்காரர்களுக்கும் கேட்டிருக்கும். "டேய், டேங்க்கை க்ளீன் பண்ணி வை. சம்பந்தி இன்னிக்கு நல்லா தண்ணி குடிச்சிருக்காங்க!"

எனக்குத் தலை நிமிரவில்லை. மாப்பிள்ளையோ, "ஓகேம்மா" என்று கையுறையைத் தேடப் போய்விட்டார். என் பெரிய தவம் ஓர் 'ஓகேம்மா'வில் முடிந்தது. அன்று மாலைதான் பாட்டிலில் கோடு போட்டீர்கள்: பத்து மணிக்கு இதுவரை, பன்னிரண்டுக்கு இதுவரை என்று.

நீங்கள் இல்லாமல் போன பிறகும் அந்தக் கோடுகளின்படிதான் குடிக்கிறேன். ரயிலிலும் குடிப்பேன். எழுந்து போக வேண்டுமென்றால், வழியில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பவரை மடக்கச் சொல்லிவிட்டுப் போவேன். அந்தத் தைரியம் நீங்கள் கொடுத்தது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். அடுத்த பயணத்தில் உங்களுடன் வரும் பெண்ணின் பாட்டிலைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால், ஏன் என்று கேளுங்கள்.